முதல் செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு: சொந்தமாக எழுதுவதும், மாட்டினால் நடப்பதும்

பல்கலைக்கழகத்தில் காப்பி அடிப்பது என்றால் பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசைத் தாளை எட்டிப் பார்ப்பது மட்டும் இல்லை. சீனியர் அக்கா கொடுத்த பழைய அசைன்மென்ட்டில் பெயரை மாற்றி அனுப்புவது, இணையத்தில் இருந்து இரண்டு பத்தியை எடுத்துப் போட்டுவிட்டு எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவது, வகுப்புக்கு வராத நண்பனுக்கும் சேர்த்து வருகைப் பதிவு போடுவது, ஆய்வுக் கேள்வித்தாள்களை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நாமே நிரப்புவது எல்லாமே அதே கணக்கில்தான் வரும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வருடா வருடம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். நான் சில ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தில் டுடோரியல் வகுப்பு எடுத்திருக்கிறேன், அசைன்மென்ட் திருத்தியிருக்கிறேன். அங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்: நம்மூர்ப் பிள்ளைகளில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்கள் இல்லை. பள்ளியில் எதைச் செய்து பாராட்டு வாங்கினார்களோ, அதையே அங்கேயும் செய்கிறார்கள். டியூஷன் சென்டரில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து எஸ்.பி.எம் என்ற பள்ளி இறுதித் தேர்வுத் தாளில் வரி பிசகாமல் எழுதியவனை எல்லாரும் மெச்சினார்கள். தோட்டத்தில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தோம். விடை தெரிந்தவன் மற்றவனுக்குக் காட்டாமல் இருந்தால்தான் அவனைக் கெட்டவன் என்றோம். அந்தப் பழக்கத்தில் நல்ல மனசு இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகம் மதிப்பெண் போடுவது நீங்கள் தனியாக என்ன யோசித்தீர்கள் என்பதற்கு. இந்த வித்தியாசத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராததால்தான் பல பிள்ளைகள் முதல் வருடத்திலேயே அடிபடுகிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் படி: விதிகளைத் தேடி எடுத்துப் படியுங்கள்

பதிவு நாள் முடிந்து அறையில் பெட்டியை வைத்த அந்த வாரமே மூன்று தாள்களைக் கையில் எடுங்கள்: மாணவர் கையேடு, தேர்வு விதிகள், ஒவ்வொரு பாடத்துக்கும் லெக்சரர் கொடுக்கும் பாடத்திட்டத் தாள். மூன்றாவதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. தனியாகச் செய்ய வேண்டியது எது, குழுவாகச் செய்ய வேண்டியது எது, எந்த மேற்கோள் முறை, தாமதமானால் எத்தனை மதிப்பெண் குறையும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

பெரும்பாலான பொதுப் பல்கலைக்கழகங்கள் 1971-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அதுதான் ஆக்கு என்று எல்லாரும் சொல்வது. அதன் கீழ் வந்த மாணவர் ஒழுங்கு விதிகள் பல பல்கலைக்கழகங்களில் 1999-இல் எழுதப்பட்டு, பிறகு திருத்தப்பட்டவை. எழுத்துத் திருட்டு அவற்றில் தனி விதியாகவே இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்களுக்கு 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விக் கூடங்கள் சட்டம். அதன்படி அவரவர் விதி. கையேடு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். 'பிளாகியாட்' (எழுத்துத் திருட்டு), 'தாத்தாதெர்த்திப்' (ஒழுங்கு) என்ற சொற்கள் வரும் பக்கங்களை மட்டும் முதலில் படித்தால் போதும். புரியாத வரியைக் குறித்துக்கொண்டு உங்கள் கல்வி ஆலோசகரிடம் கேளுங்கள். தெரியாது என்று பிறகு சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் சேரும்போதே விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: குறிப்பெடுக்கும்போதே பிரித்து வையுங்கள்

தெரியாமல் நடக்கும் எழுத்துத் திருட்டு பெரும்பாலும் எழுதும் நாளில் ஆரம்பிப்பதில்லை, குறிப்பெடுக்கும் நாளில் ஆரம்பிக்கிறது. ஒரு கட்டுரையைப் படித்து நல்ல வரியை அப்படியே நோட்டில் எழுதிவைக்கிறீர்கள். மூன்று வாரம் கழித்து அதைப் பார்க்கும்போது அது உங்கள் வரியா ஆசிரியரின் வரியா என்று உங்களுக்கே தெரிவதில்லை.

எனவே இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எழுதிய சொற்கள் நீலத்தில், மேற்கோள் குறிக்குள். உங்கள் சொந்த எண்ணம் சிவப்பில். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்க எண். கணினியில் எழுதுகிறவர்கள் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸோட்டேரோ, மெண்டலே என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்த நூல்களின் விவரத்தை அவற்றில் சேமித்தால் கடைசியில் மேற்கோள் பட்டியலை அவையே போட்டுத் தரும். ஆனால் தானாக வரும் பட்டியலில் ஆண்டும் ஆசிரியர் பெயரும் சில சமயம் தப்பாக விழும். நம் தமிழ்ப் பெயர்களில் எது தகப்பன் பெயர், எது சொந்தப் பெயர் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மாற்றி எழுதுவது எப்படி

இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், எனவே ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நம் மாவட்டத்துச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் சில குவாலா கங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன."

ஒரு மாணவர் இதை இப்படி மாற்றுகிறார்:

"1877-இல் சிங்கை வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளில் ஒரு பகுதி குவாலா கங்சாருக்கு எடுத்துவரப்பட்டு, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டது."

கன்று நாற்று ஆனது, கொண்டுவரப்பட்டு என்பது எடுத்துவரப்பட்டு ஆனது. வாக்கியம் அதே வாக்கியம். இதுவும் எழுத்துத் திருட்டுதான். அடியில் நூலின் பெயரைப் போட்டால்கூட, சொற்கள் உங்களுடையவை என்ற எண்ணத்தை வாசிப்பவருக்குத் தருவதால் பல லெக்சரர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். இனி இதைப் பாருங்கள்:

"பேராக்கில் ரப்பர் முதலில் பெரிய வணிகப் பயிராக நுழையவில்லை, ஓர் அதிகாரியின் தோட்டத்தில் சோதனையாகத்தான் நுழைந்தது. குவாலா கங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட கன்றுகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம்." அதை அடுத்து ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்.

இந்த மூன்றாவதில் எழுதியவர் நூலில் இருந்து செய்தியை எடுத்திருக்கிறார், அதை வைத்து ஒரு கருத்தைத் தானே சொல்லியிருக்கிறார், செய்தி எங்கிருந்து வந்தது என்றும் காட்டியிருக்கிறார். லெக்சரர் மதிப்பெண் போடுவது அந்தக் கருத்துக்கு. இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. பத்தியைப் படியுங்கள், நூலை மூடுங்கள், பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாயால் சொல்லுங்கள், சொன்னதை எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து ஆண்டும் எண்ணிக்கையும் சரியா என்று பாருங்கள். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே மாற்றி எழுத முயன்றால் கை தானாக அந்த வாக்கியத்தையே பின்தொடரும்.

மலாயா 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் பெற்றது போன்ற எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு மேற்கோள் தேவையில்லை. சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை. மேற்கோள் முறையில் பல துறைகள் கேட்பது ஏ.பி.ஏ. முறையின் ஏழாம் பதிப்பு, 2019-இல் வந்தது. சட்டத்துறையும் பொறியியலும் வேறு முறை கேட்கும். பாடத்திட்டத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழி தெரியும். அதுவே ஒரு பொறி ஆகிறது. மலாய்க் கட்டுரையை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு ஆங்கிலமாக்கி, அல்லது ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தமிழியல் பாடத்தில் கொடுத்தால், மொழி மாறியதால் அது நம் எழுத்து ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆகாது. கருத்தின் வரிசை, எடுத்துக்காட்டு, முடிவு எல்லாம் இன்னொருவருடையது. லெக்சரருக்கும் அந்த மூன்று மொழிகள் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

டர்னிட்டின் விழுக்காட்டைப் பார்த்து நடுங்க வேண்டாம், நம்பவும் வேண்டாம்

டர்னிட்டின் என்பது நீங்கள் அனுப்பும் தாளை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள். அது காட்டும் எண் ஒற்றுமை விழுக்காடு மட்டும்தான். உங்கள் தாளில் எவ்வளவு பகுதி ஏற்கனவே வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லும், அது திருட்டா இல்லையா என்று சொல்லாது. 24 விழுக்காடு வரை பச்சை, 49 வரை மஞ்சள், 74 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. பச்சை வந்துவிட்டது, பிழைத்தோம் என்று இருந்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள். 12 விழுக்காடும் ஒரே இடத்தில் ஒரே பத்தியாக இருந்தால் அது வெட்டி ஒட்டியது. 30 விழுக்காடு வந்தும் அது மேற்கோள் பட்டியல், சட்டப் பிரிவுகள், கேள்வியின் சொற்கள் எனச் சிதறிக் கிடந்தால் பிரச்சனை இல்லை. நல்ல லெக்சரர் எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே திறந்து பார்ப்பார். நீங்களும் அனுப்பும் முன் உள்ளே திறந்து, நிறம் பூசிய ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

எழுத்தை வெள்ளை நிறத்தில் மறைப்பது, ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே போலத் தெரியும் ரஷ்ய எழுத்தைப் போடுவது என்று டெலிகிராமில் யோசனைகள் உலவும். டர்னிட்டின் இவற்றைத் தனியாகக் கொடி போட்டுக் காட்டும். அப்படி மாட்டினால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வாய்ப்பும் போய்விடும்.

சீனியர் தாள் ஏன் மாட்டுகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. அவர் அனுப்பிய தாள் அங்கேயே சேமிப்பில் இருக்கலாம். அவர் வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றாலும் ஒப்பீட்டில் வரலாம். நீங்களே போன செமஸ்டரில் எழுதியதை இந்த செமஸ்டரில் மறுபடி கொடுத்தாலும் காட்டும், அதுவும் குற்றமாகக் கருதப்படலாம். பழைய எழுத்தை விரிவாக்க விரும்பினால் லெக்சரரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பல சமயம் சரி என்பார்கள்.

சேர்ந்து படிப்பதும் சேர்ந்து எழுதுவதும்

சேர்ந்து படியுங்கள். பழைய தேர்வுத்தாள்களை நூலகத்திலிருந்து எடுத்து விடை பேசுங்கள். நோட்டைப் பகிருங்கள். எழுத உட்காரும்போது மட்டும் தனித்தனியாக உட்காருங்கள்.

ஹார்வர்டில் 2012-இல் ஓர் அரசியல் பாடத்துக்கு வீட்டிலிருந்து எழுதும் தேர்வு வைத்தார்கள். நூலைப் பார்க்கலாம், இணையத்தைப் பார்க்கலாம், ஆனால் ஒருவரோடொருவர் பேசக்கூடாது. விடைகள் ஒன்றுபோல இருந்ததால் ஏறக்குறைய 125 மாணவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அது அந்த வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொஞ்ச காலத்துக்கு வெளியே அனுப்பினார்கள். நாங்கள் சேர்ந்து குறிப்பெடுத்தோம், அதே டுடோரியல் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டோம் என்று பலர் சொன்னார்கள். எல்லை எங்கே என்று தேர்வுக்கு முன்னால் கேட்காமல் விட்டதுதான் வினை.

உங்கள் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். "மச்சான், சும்மா ஃபார்மேட் பார்க்கத்தான்" என்று கேட்பான். ஃபார்மேட் வேண்டுமென்றால் பாடத்திட்டத் தாளில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள். கொடுத்தவர், வாங்கியவர் இரண்டு பேரையும் விசாரிப்பார்கள். எது அசல் எது நகல் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர்க்காரன், ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவன், மறுத்தால் தப்பாக நினைப்பானே என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். கோப்பைக் கொடுப்பதைவிட அது பெரிய உதவி.

ஃபோட்டோஸ்டாட் கடையில் கவனம் வேண்டும். தம்ப் டிரைவைக் கடைக் கணினியில் செருகி, அசைன்மென்ட்டை டெஸ்க்டாப்பில் இறக்கி, அச்சடித்துவிட்டு அப்படியே வந்துவிடுவார்கள். பின்னால் வரும் ஒருவர் அதே பாடம், அதே தலைப்பு. டெஸ்க்டாப்பில் இருக்கும் கோப்பு இரண்டே கிளிக்கில் அவருடையது ஆகிறது. அச்சடித்து முடிந்ததும் கோப்பை அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறுங்கள். வேர்டு கோப்பாக இல்லாமல் பி.டி.எஃப் ஆகக் கொண்டு போவது இன்னும் நல்லது.

சாட்ஜிபிடி விஷயம்

மலேசியத் தகுதி முகமை 2023-இலேயே உயர்கல்வியில் இதைப் பயன்படுத்துவது பற்றி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. இருந்தாலும் நடைமுறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விதி. ஒரு லெக்சரர் இலக்கணம் திருத்த விடுவார், இன்னொருவர் தொடவே விடமாட்டார். முதல் வகுப்பிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்த அனுமதி இருந்தால், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று தாளின் கடைசியில் ஒரு வரி எழுதுங்கள்.

அது தரும் மேற்கோள்களை நம்பாதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் போட்டுக் கொடுக்கும். லெக்சரர் தேடிப் பார்த்து நூலே இல்லை என்றால், அதைச் சான்றைப் பொய்யாகத் தயாரித்த குற்றமாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்துத் திருட்டைவிடக் கடுமையாகப் பார்க்கப்படுவது அது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. நீங்களே எழுதியதை இயந்திரம் எழுதியது என்று கண்டறியும் கருவி சொல்லக்கூடும். 2023-இல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை தப்பாக இயந்திர எழுத்து என்றன. எளிய சொற்களையே பயன்படுத்துவதுதான் காரணம் என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். எந்த நாளில் எந்த வரியை எழுதினீர்கள், எதை அழித்தீர்கள் என்ற வரலாறு அதில் தானாகப் பதியும். கைக்குறிப்பு நோட்டை செமஸ்டர் முடிவு வரும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

நேரம் போதவில்லை என்றால்

நல்ல பிள்ளைகள் தப்புச் செய்வது பெரும்பாலும் கெடுவுக்கு முந்தின ராத்திரி. வார இறுதியில் வீட்டுக்கு வந்து அப்பாவோடு செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள், இரவில் உணவு டெலிவரி ஓட்டுகிறவர்கள், அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு அலைந்தவர்கள். காரணம் நியாயமானது, ஆனால் அதை லெக்சரரிடம் சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் காப்பி அடிப்பதில் கொண்டுபோய் விடுகிறது.

கெடுவுக்கு மூன்று நாளாவது முன்னால் எழுதுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ நாலே வரி போதும்: பெயர், மாணவர் எண், எந்தப் பாடம், இதுவரை முடித்தது இவ்வளவு, அதன் நகலை இணைத்திருக்கிறேன், இன்ன காரணத்தால் இன்ன தேதி வரை நேரம் தர இயலுமா, தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பதாக இருந்தாலும் சரி. செய்த வரையில் இணைத்து அனுப்புவதுதான் இதில் முக்கியம். பாதி முடித்த தாளைப் பார்த்த லெக்சரர் அவ்வளவு எளிதில் மறுப்பதில்லை. மறுத்தாலும் பாதித் தாளுக்குப் பாதி மதிப்பெண் கிடைக்கும்.

பொய்யான எம்.சி, அதாவது மருத்துவச் சான்றிதழ், வாங்கிக் கொடுப்பதைக் கனவிலும் நினைக்காதீர்கள். அது பல்கலைக்கழக விதியோடு நிற்காது. போலி ஆவணத்தை உண்மை என்று பயன்படுத்துவது தண்டனைச் சட்டம் 471-ஆம் பிரிவின் கீழ் குற்றம். போலீஸ் வரை போகும்.

காசு கொடுத்து அசைன்மென்ட் எழுதி வாங்குவதும் அப்படித்தான். டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் வரும், விலை கம்மியாக இருக்கும். வாங்கியவுடன் உங்கள் பெயர், மாணவர் எண், உரையாடல் எல்லாம் அவர்கள் கையில். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டி மறுபடி மறுபடி பணம் பிடுங்கும் வேலை வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2020-இலும், இங்கிலாந்து 2022-இலும் இந்த வியாபாரத்தையே குற்றமாக்கிவிட்டன.

பரீட்சை மண்டபம்

கைப்பேசியை மண்டபத்துக்குள் கொண்டு போகாதீர்கள். அணைத்து வைத்திருந்தாலும் பல இடங்களில் அது உடலில் இருப்பதே குற்றம். ஸ்மார்ட் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பென்சில் பெட்டிக்குள் பழைய குறிப்புச் சீட்டு கிடக்கிறதா, கால்குலேட்டர் மூடியின் உள்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வாசலிலேயே பாருங்கள். உள்ளே போன பிறகு ஏதாவது கையில் தட்டுப்பட்டால் உடனே கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களாகக் கொடுப்பதும், அவர் கண்டுபிடிப்பதும் அறிக்கையில் வேறு வேறு மாதிரி எழுதப்படும்.

மாட்டினால் என்ன ஆகும்

சின்னதாக இருந்தால் லெக்சரரோடு முடியும்: மறுபடி எழுதச் சொல்வார், அல்லது அந்தத் தாளுக்குப் பூஜ்யம். பெரியது என்றால் பாடமே எஃப், அதாவது தோல்வி. அதற்கு மேல் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. 1999 விதிகளில் உள்ள தண்டனைகள் எச்சரிக்கை, 200 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம், குறித்த காலத்துக்கு விலக்கிவைத்தல், அடியோடு வெளியேற்றுதல் என்று போகும்.

200 ரிங்கிட்தானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. முதல் செமஸ்டரில் 18 கிரெடிட் எடுக்கிறீர்கள். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் எஃப். மற்ற 15 கிரெடிட்டிலும் சி பிளஸ், அதாவது 2.33. 15-ஐ 2.33-ஆல் பெருக்கினால் 34.95. அதை 18-ஆல் வகுத்தால் பாயிண்டர், அதாவது சராசரிப் புள்ளி, 1.94. பி.டி.பி.டி.என் என்ற அரசு உயர்கல்விக் கடன் தொடர்ந்து வர 2.00 வேண்டும். ஒரே ஓர் அசைன்மென்ட்டில் செய்த தப்பு அடுத்த செமஸ்டர் சாப்பாட்டுக் காசில் கை வைக்கிறது. அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால் மறுபடி எடுக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதை முடித்தால்தான் எடுக்க முடியும் என்றிருக்கும் அடுத்த பாடங்களும் தள்ளிப்போகும். விலக்கிவைத்தால் ஹாஸ்டல் அறையும் போகும், கடனும் நிற்கும். தோட்டத்து வீட்டில் ஒருவர் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த பிறகும் இது தொடரும். வழக்கறிஞராகச் சேர 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் நன்னடத்தை கேட்கிறது. பட்டம் வாங்கி எத்தனை ஆண்டு ஆனாலும் பல்கலைக்கழகம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அன்னெட்டெ ஷாவான் 1980-இல் எழுதிய முனைவர் ஆய்வேட்டுக்காக 2013-இல் டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் அவருடைய பட்டத்தைப் பறித்தது. சில நாளில் அமைச்சர் பதவியையும் விட்டு விலகினார்.

கடிதம் வந்துவிட்டால்

'சூராட் துன்ஜுக் செபாப்' என்று ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வரும். காரணம் கேட்கும் கடிதம். அதில் பதிலுக்குக் கெடு இருக்கும், அந்தத் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பயத்தில் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடிவெடுப்பார்கள்.

வாட்ஸாப் செய்திகளை அழிக்காதீர்கள், நண்பனோடு பேசி ஒரே கதையைத் தயாரிக்காதீர்கள். முதல் குற்றத்தைவிட அந்த இரண்டாவது குற்றம் பெரிதாகிவிடும். குறிப்பு நோட்டு, பழைய வரைவுகள், கூகுள் டாக்ஸ் வரலாறு, நூலகக் கடன் பதிவு எல்லாவற்றையும் திரட்டுங்கள். கல்வி ஆலோசகரைப் பாருங்கள், பிறகு மாணவர் நலப் பிரிவு. ஹெப் அலுவலகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். செய்யாத குற்றம் என்றால் ஆதாரத்தோடு மறுங்கள். செய்தது உண்மை என்றால், என்ன செய்தேன், எந்தப் பகுதி, எப்போது என்று நேராக எழுதுங்கள். வீட்டுச் சூழ்நிலையைச் சொல்லலாம், ஆனால் அதைக் கடைசிப் பத்தியில் வையுங்கள்.

அம்மா அப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: உடனே ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்தான். வெளியிலிருந்து வரும் சிபாரிசுக் கடிதம், பிள்ளை தானே நின்று பேசத் தயாராக இல்லை என்ற எண்ணத்தைத்தான் குழுவுக்குத் தரும். பிள்ளையைத் திட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். பதில் எழுதி அனுப்பும் வரை அவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று பாருங்கள்.

விசாரணையில் என்ன மொழியில் பேசலாம், கூட யாரை அழைத்து வரலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். முழுசாகப் படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்புக் கடிதம் வந்ததும் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். விலக்கிவைத்தால் இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. பி.டி.பி.டி.என்-னுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறுபடி சேர விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதியை ஃபேக்கல்ட்டி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான் சில பிள்ளைகள் திரும்பப் போகாமலே நின்றுவிடுகிறார்கள்.